நாலுமணிப் பலகாரம்

"வாயைக் கட்டு, எல்லாம் தானே சரியாகும்" என்ற அறிவுரையைக் கேட்காத சர்க்கரை நோயாளி எங்கள் பக்கத்தில் ஒருவர்கூட இருக்கமாட்டார். மருத்துவமனைச் செவிலியர் சொல்வார், மருந்துக் கடைக்காரர் சொல்வார், துக்க வீட்டில் பக்கத்தில் அமர்ந்திருக்கும் தூரத்து உறவினர்கூடச் சொல்வார். எல்லோரும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த அறிவுரைக்குள் ஒரு தீர்ப்பும் இருக்கிறது. இனிப்பை விட முடியாதவருக்கு மன உறுதி போதாது, அவர் நாக்குக்கு அடிமை என்பதே அது. தமிழ்நாடு-கேரள எல்லையை ஒட்டிய குழித்துறையிலும் களியக்காவிளையிலும் பாறசாலையிலும் நான் அறிந்த மனிதர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்க்கும்போது இந்தத் தீர்ப்பு பொருந்தவே இல்லை. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் வெட்டப் போகிறவர்கள், கடன் வாங்கிப் பெண்பிள்ளைகளைச் செவிலியர் படிப்புக்கு அனுப்பியவர்கள், தவக்காலம் முழுவதும் மீனையும் இறைச்சியையும் தொடாதவர்கள், 41 நாள் மண்டல விரதத்தை ஆண்டுதோறும் பிசகாமல் முடிப்பவர்கள், இவர்களுக்கா மன உறுதி இல்லை? அப்படியானால் ஒரு துண்டு அல்வாவுக்கு முன்னால் மட்டும் அந்த உறுதி எங்கே போகிறது? சில ஆண்டுகளாக என்னை விடாமல் அரித்துக்கொண்டிருந்த கேள்வி இதுதான்.

எனக்கு இது ஓர் எண்ணோடு தொடங்கியது. கடந்த மூன்று மாத இரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் 6.1 என்று வந்தது. 5.7-க்குக் கீழே என்றால் இயல்பு, 6.5-ஐத் தொட்டால் நீரிழிவு, இடையில் இருப்பது நோய்க்கு முந்தைய நிலை. என் தகப்பனார் காலில் ஆறாத புண்ணோடு கடைசி ஆண்டுகளைக் கழித்ததைப் பார்த்தவள் என்பதால் அந்த எண்ணை இலேசாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. அதே நேரத்தில் அது தலைவிதி அல்ல என்பதற்கும் நம் மண்ணிலேயே சான்று இருக்கிறது. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் இந்த முந்தைய நிலையில் இருந்த 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006-இல் வெளியானது. பொதுவான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் மூன்று ஆண்டுகளில் 55 சதவீதத்தினர் நீரிழிவுக்குள் போனார்கள். உணவிலும் நடமாட்டத்திலும் தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் அது 39 சதவீதமாகக் குறைந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023-இல் வெளிவந்தபோது, நாட்டில் வயதுவந்தோரில் 11.4 சதவீதத்தினருக்கு நீரிழிவு என்றும், கேரளத்தில் அது 25.5 சதவீதம் என்றும் தெரியவந்தது. பழைய திருவிதாங்கூர்ப் பகுதியான எங்கள் விளவங்கோடு தாலுகா 1956 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் இருக்கிறது என்றாலும், எங்கள் அடுக்களை இன்றுவரை திருவிதாங்கூர் அடுக்களைதான். ஆகவே அந்த இரண்டாவது எண்ணையே நான் எங்களுக்கு உரியதாக எடுத்துக்கொள்கிறேன்.

இந்தப் பக்கத்தில் இனிப்பு இல்லாத நல்லது கெட்டது எதுவும் கிடையாது. கல்யாண நிச்சயத்துக்கு முந்திரிக்கொத்து, கோயில் பொங்கலுக்குத் தெரளி, நோயாளியைப் பார்க்கப் போனால் நேந்திரம் என்னும் ஏத்தன்பழச் சீப்பு, வெளிநாட்டிலிருந்து வந்தவரைப் பார்க்கப் போனால் அவர் தரும் மிட்டாய்ப் பொதி, ஓணம் வந்தால் எல்லைக்கு இரண்டு பக்கமும் சர்க்கரை வரட்டி. மார்த்தாண்டத்தைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களில் தேன் பெட்டிகள் நிற்கின்றன. இலை உதிர்ந்து புதுத்தளிர் விடும் பருவத்தில் ரப்பர் இலைக் காம்பில் சுரக்கும் இனிப்பு நீரைத்தான் தேனீக்கள் பெரும்பாலும் எடுக்கின்றன. பனையில் அக்கானி என்னும் பதநீர், அதைக் காய்ச்சினால் கருப்பட்டி. வாழையில் மட்டி, செந்துளுவன், ரசகதலி, ஏத்தன். இவ்வளவு இனிப்பு விளையும் மண்ணில் பிறந்தவரிடம் போய் இனிப்பை மற என்று சொல்வது, அவருடைய உறவு முறைகளில் பாதியைத் துண்டித்துக்கொள் என்று சொல்வதற்குச் சமம்.

சீனி டப்பாவின் கணக்கு

முதலில் நான் செய்தது கணக்குப் பார்த்தது. அதுதான் என் தொழிலும்கூட. எங்கள் வீட்டில் நான்கு பேர். மாதத்துக்கு மூன்று கிலோ சீனி வாங்குகிறோம், ரேஷன் கடைச் சீனியும் இதில் அடக்கம். மூன்று கிலோவை முப்பது நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 100 கிராம், தலைக்கு 25 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், உணவில் சேர்க்கப்படும் சீனியும் தேனும் பழச்சாறும் சேர்ந்து மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்றும், 5 சதவீதத்துக்குள், அதாவது சுமார் 25 கிராமுக்குள், கொண்டுவந்தால் இன்னும் நல்லது என்றும் சொல்கிறது. ஆக, வீட்டுச் சாயாவிலும் காப்பியிலுமே அந்த நல்ல அளவு முழுவதும் தீர்ந்துவிடுகிறது. பேக்கரியில் வாங்குவது, கடையில் குடிப்பது, கல்யாண வீட்டில் தின்பது, பாயசத்துக்கு உருக்கும் சர்க்கரை, இவை எல்லாம் அதற்கு மேல். யாரும் அளவுக்கு மீறித் தின்னாத, சாதாரணமான ஒரு குடும்பத்தின் கணக்கு இது என்பதுதான் எனக்கு அதிர்ச்சியாக இருந்தது.

கணக்கை அம்மையிடம் சொன்னபோது உடனே பதில் வந்தது. "சீனியை விட்டுட்டுக் கருப்பட்டி போடு மக்களே. கருப்பட்டி சீனியைப் போல இல்ல, கேட்டியா." இதை அம்மை மட்டுமா சொல்கிறாள்? படித்தவர்களும் சொல்கிறார்கள், கடைகளில் அட்டை எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள். கருப்பட்டியின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. காலையும் மாலையும் பனை ஏறி, கலயத்தில் சுண்ணாம்பு தடவி அக்கானி இறக்கி, புகை சூழ்ந்த கொட்டிலில் நின்று காய்ச்சும் உழைப்பை அறிந்தவள் நான். அதில் சிறிதளவு தாதுக்கள் இருக்கின்றன, வெள்ளைச் சீனியில் இல்லாத மணமும் இருக்கிறது. ஆனால் அதன் பெரும்பகுதி சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். இரத்தத்துக்குள் போன பிறகு அது பனையிலிருந்து வந்ததா, கரும்பிலிருந்து வந்ததா என்று உடல் பிரித்துப் பார்ப்பதில்லை. தேனில் இருக்கும் சர்க்கரை வகை வேறு என்றாலும், உடலுக்கு அதுவும் சர்க்கரைதான். சீனிக்குப் பதில் கருப்பட்டி என்று மாறியவர்கள் பலர், இது நல்லதுதானே என்ற நம்பிக்கையில் முன்பைவிடக் கூடுதலாகவே சேர்த்துக்கொள்கிறார்கள். கருப்பட்டியைச் சுக்குக் காப்பியில் அதன் மணத்துக்காகக் குடிக்கலாம், மருந்தாக எண்ணிக் குடிக்கக் கூடாது என்பது என் முடிவு. இனிப்பு மாத்திரைகளைப் பற்றியும் பலர் சொன்னார்கள். எடையைக் கட்டுப்படுத்த அவற்றை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் கூறியிருக்கிறது. இனிப்புக்கு ஏங்கும் நாக்கை அவை அப்படியே வைத்திருக்கின்றன என்பதால் நான் அந்த வழிக்குப் போகவில்லை.

களியக்காவிளையில் நான்கு மணி

வீட்டுச் சீனியைக் குறைப்பது அவ்வளவு கடினமாக இல்லை. கடினமாக இருந்தது நான்கு மணி. நான் எல்லைக்கு அப்பால், கேரளத்தின் பாறசாலையில் ஒரு பள்ளியின் அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். பள்ளி விட்டதும் கிடைக்கிற பேருந்தில் ஏறிக் களியக்காவிளையில் இறங்கி, அங்கே மார்த்தாண்டம் பக்கம் போகும் வண்டிக்குக் காத்திருப்பது வழக்கம். நிலையத்துக்கு எதிரே ஒரு சாயாக்கடை இருக்கிறது. நன்றாகப் பழுத்த ஏத்தன்பழத்தை நீளவாக்கில் சீவி, மஞ்சளும் கொஞ்சம் சீனியும் கலந்த மைதா மாவில் முக்கி, கொதிக்கிற எண்ணெயில் இடுவார்கள். ஓரங்களில் மாவு சிறுசிறு முத்துகளாகப் பொரிந்து நிற்கும், நடுவில் பழம் கசிந்து எண்ணெயில் தொட்ட இடம் மட்டும் கருகிப் பாகாகியிருக்கும். வாழைக்காப்பம் என்பார்கள் இங்கே, வடக்கே போனால் பழம்பொரி. சாயா போடுகிற அண்ணன் கண்ணாடி கிளாசில் முதலில் சீனியைப் போட்டு, அதன்மேல் பாலை ஊற்றி, துணி வடிகட்டியிலிருந்து சாயத்தை உயரத்திலிருந்து இறக்குவார். கலக்கும்போது பாதிச் சீனி அடியிலேயே தங்கிவிடும், ஆகவே கடைசி மடக்கு பாகைப் போல இருக்கும். அந்தக் கடைசி மடக்குக்காகவே குடிப்பவர்கள் உண்டு, நானும் அவர்களில் ஒருத்திதான். பள்ளியிலிருந்து வருபவர்கள் எல்லோருமே அவருக்கு டீச்சர்தான். "டீச்சருக்கு வழக்கம்போலதானே?" என்று கேட்டுக்கொண்டே கிளாசை எடுத்துவிடுவார்.

மதுரம் இல்லாத சாயாவுக்கு எங்கள் கடைகளில் "வித்தவுட்" என்று பெயர். நானும் வித்தவுட் சொல்லிப் பார்த்தேன். சாயாவில் சீனி இல்லாவிட்டால் காப்பம் இரண்டாகிவிடும். காப்பத்தை விட்டால் வீட்டுக்கு வந்து இரவு வரை எதையாவது தேடிக்கொண்டே இருப்பேன். காலையில் பல் தேய்க்கும்போது இருக்கும் தெளிவும் தீர்மானமும் நான்கு மணிக்கு அந்த எண்ணெய் மணம் வந்ததும் என்ன ஆகிறது என்று எனக்கே விளங்கவில்லை. பசியா என்றால், பசிதான். உச்சி வேளையில் ஒரு பாத்திரம் நிறையச் சோறும் புளிசேரியும் சிறிது தோரனும் தின்றுவிட்டு மூன்று மணி நேரத்தில் பசிப்பது ஏன் என்ற கேள்விக்கு ஓரளவு விடை கிடைத்தது. 2021-இல் 'நேச்சர் மெட்டபாலிசம்' இதழில் வந்த ஆய்வு ஒன்று, சாப்பிட்ட இரண்டு மூன்று மணி நேரத்துக்குப் பிறகு சிலருக்கு இரத்தச் சர்க்கரை தொடங்கிய மட்டத்துக்கும் கீழே இறங்குவதைக் காட்டியது. அதிகமாக இறங்கியவர்கள் மற்றவர்களைவிடச் சுமார் அரை மணி நேரம் முன்னதாகவே அடுத்த உணவைத் தேடினார்கள், அன்றைக்குச் சுமார் 300 கலோரி கூடுதலாகவும் தின்றார்கள். வெறும் சோறும் வெறும் மரச்சீனிக் கிழங்கும் விரைவில் ஏறி விரைவில் இறங்குபவை. மீனும் பயறும் குறைந்த என் சாப்பாட்டுப் பாத்திரத்தில் நான்கு மணிப் பசிக்கு ஒரு காரணம் இருந்தது உண்மை. ஆனால் முழுக் காரணமும் அங்கே இல்லை என்பதை ஒரு ஹர்த்தால் நாள் காட்டியது.

கேரளத்தில் ஹர்த்தால் என்றால் எல்லைக்கு அப்பால் பள்ளி இல்லை, கடை இல்லை, வண்டி இல்லை. கேரளப் பேருந்து எதுவும் இந்தப் பக்கம் வராது. இந்தப் பக்கத்தில் எல்லாம் வழக்கம்போல நடக்கும். அன்று நான் வீட்டில் இருந்தேன். கொடியிலிருந்து இறக்கிய நல்லமிளகு முற்றத்தில் கிடந்தது. மதியச் சாப்பாடு முடிந்ததும் நானும் அம்மையும் உட்கார்ந்து கதிரிலிருந்து மணிகளை உதிர்த்துக்கொண்டிருந்தோம். பள்ளிக்குக் கொண்டுபோக விடியற்காலையில் பொங்கி வைத்த அதே சோறும் அதே புளிசேரியும்தான் அன்றைக்கும் சாப்பாடு. நடுவில் தாகத்துக்குச் சீரகத் தண்ணீர் குடித்தேன். வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது நிமிர்ந்து மணியைப் பார்த்தால் ஆறாகப் போகிறது. நான்கு மணி வந்ததும் போனதும் எனக்குத் தெரியவில்லை. அடுக்களை அலமாரியில், ஒரு கல்யாண வீட்டிலிருந்து வந்த முந்திரிக்கொத்து ஒரு டப்பா நிறைய இருந்தது. எழுந்து பத்து அடி நடந்தால் எடுத்துவிடலாம். எடுக்கக் கூடாது என்று நான் எந்த உறுதியும் எடுக்கவில்லை. அதன் நினைவே வரவில்லை, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வேளையில் ஏதாவது உறவினர் வீட்டிலோ விருந்திலோ இருப்போம், அங்கே பலகாரம் முன்னால் வந்துவிடும். ஆகவே வேலை நாள் ஒன்றில் அந்த வேளையை வீட்டில் கழித்ததுதான் இதைப் பார்க்க வழிசெய்தது. மறுநாள் வழக்கம்போலப் பள்ளிக்குப் போனேன். திரும்பும் வழியில் களியக்காவிளையில் படியிலிருந்து கால் கீழே படுமுன்பே வாயில் நீர் ஊறியது. முந்தின நாள் அதே வேளையில், அதே சாப்பாட்டுக்குப் பிறகு, அமைதியாக இருந்த அதே உடல்.

இந்த இரண்டு நாட்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, அதுவரை நான் எதை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்தேன் என்பதே மாறிவிட்டது. ஆசை எனக்குள் எப்போதும் குடியிருக்கும் ஒரு குணம் என்று நினைத்திருந்தேன். அது ஒரு குறிப்பிட்ட வேளையில், ஒரு குறிப்பிட்ட இடத்தில், ஒரு குறிப்பிட்ட மணத்தோடு சேர்ந்து எழுவது என்று அன்று தெரிந்தது. பின்னர் இதைப் பற்றித் தேடியபோது வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் அறிஞரின் ஆய்வுகளைப் படித்தேன். 1990-களில் அவர் குரங்குகளின் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களைக் கவனித்தார். குரங்கின் வாயில் பழச்சாறு துளி விழும்போது அந்தச் செல்கள் துடித்தன. சாறு வருவதற்கு முன் ஓர் அடையாளத்தைத் தொடர்ந்து காட்டிப் பழக்கியபின் நிலைமை மாறியது. அடையாளம் தெரிந்தவுடனேயே துடிப்பு எழுந்தது. சாறு வாயில் விழும்போது எதுவும் எழவில்லை. அடையாளத்தைக் காட்டிவிட்டுச் சாறு தராமல் விட்டால், சாறு வரவேண்டிய அந்த நொடியில் செல்களின் துடிப்பு வழக்கமான மட்டத்துக்கும் கீழே போனது. குரங்கின் மூளையில் கண்டதை அப்படியே மனிதருடைய வாழ்க்கை முழுவதற்கும் நீட்டிவிட முடியாது என்பதை அறிவேன். இருந்தாலும், எண்ணெய் மணம் வந்த பிறகு "வேண்டாம்" என்று சொல்லும்போது ஏன் எதையோ பறிகொடுத்த உணர்வு வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. அடையாளம் கிடைத்துவிட்ட பிறகு மறுப்பதுதான் எல்லாவற்றிலும் கடினமான மறுப்பு. வாயைக் கட்டு என்ற அறிவுரை, அந்தக் கடினமான நொடியில் கொண்டுபோய் மனிதரை நிறுத்திவிட்டு, அங்கே தோற்றால் அவரைக் குறைசொல்கிறது. இந்த அநியாயம் எனக்கு இப்போதும் கோபமூட்டுகிறது.

மணம் வருவதற்கு முன்னால்

அதன் பிறகு நான் என் முயற்சியை அந்த நொடிக்கு முன்னால் நகர்த்தினேன். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் போகும் பேருந்து பாறசாலை வழியாகத்தான் வருகிறது. கொஞ்ச நேரம் கூடுதலாகக் காத்திருந்து அதில் ஏறினால் களியக்காவிளையில் இறங்கவே தேவையில்லை. வண்டி நிலையத்தில் நிற்கும்போது கடை இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்க இருக்கையில் அமர்ந்துகொள்கிறேன். பள்ளியை விட்டுக் கிளம்புமுன் ஒரு கைப்பிடி அவித்த கடலையும் ஒரு மட்டிப்பழமும் தின்கிறேன். மட்டி எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்கே உரிய வாழை. 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. விரல் நீளமே இருப்பதால் ஒன்றோடு நிறுத்த முடிகிறது, இதை ஏத்தன்பழத்தைப் பற்றிச் சொல்ல முடியாது. மதியப் பாத்திரத்தில் சோற்றைக் குறைத்துப் பயற்றுத் தோரனைக் கூட்டினேன். சாளையோ அயிலையோ ஒரு துண்டு இல்லாமல் பாத்திரத்தை மூடுவதில்லை. தோரனையும் மீனையும் முதலில் தின்றுவிட்டுச் சோற்றுக்கு வருகிறேன். காய்கறியையும் புரதத்தையும் முதலிலும் மாவுப்பொருளைக் கடைசியிலும் உண்டால் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறுவது குறைகிறது என்று 2015-இல் அமெரிக்காவில் நடந்த ஒரு சிறிய ஆய்வு காட்டியது. சிறிய ஆய்வுதான், ஆனால் இதைச் செய்வதற்குக் காசும் செலவில்லை, யாரிடமும் கேட்கவும் வேண்டியதில்லை.

சாயாவில் சீனியை ஒரேயடியாக நிறுத்தவில்லை. ஒரேயடியாக நிறுத்தி வெற்றி பெற்றவர்களை அறிவேன், அவர்களை மதிக்கிறேன், ஆனால் அது எனக்கான வழி அல்ல. இரண்டு கரண்டியை ஒன்றரையாக்கி, அது பழகிய பிறகு ஒன்றாக்கி, பின்னர் அரைக்கு வந்தேன். உணவில் சீனியை நாற்பது சதவீதம் குறைத்துக்கொண்டவர்களுக்கு மூன்று மாதத்தில் அதே இனிப்புப் பண்டம் முன்பைவிடக் கூடுதல் இனிப்பாகத் தெரிந்ததாக 2016-இல் ஓர் ஆய்வு வெளியானது. இனிப்பைச் சுவைக்கும்போது வரும் இன்பம் மட்டும் மாறவில்லை. இந்தக் கடைசிச் செய்தி எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. குறைப்பதால் இனிப்பை வெறுக்கப் போவதில்லை, குறைந்த அளவிலேயே அது தெரிய ஆரம்பிக்கும். உறக்கமும் இதில் சேரும். தேர்வுக் கட்டணக் கணக்கு முடிக்கும் நாட்களில் இரவு கண்விழித்தால் மறுநாள் இனிப்பைத் தேடுவது இரட்டிப்பாவதைப் பார்த்திருக்கிறேன். உறக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடுவதாகச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அந்தக் கணக்கை யார் முடிப்பது? அந்தச் சில நாட்களை அப்படியே விட்டுவிடுகிறேன்.

கல்யாணச் சாப்பாட்டை நான் தொடவே இல்லை, அதாவது மாற்றவே இல்லை. எங்கள் பக்கத்து விருந்தில் பாயசம் கடைசியில் வருவதில்லை. பருப்பும் நெய்யும், சாம்பார், பிறகு பாயசங்கள், அதன் பின்னரே ரசமும் மோரும். இலையில் போளியை வைத்து அதன்மேல் பால் பாயசத்தை ஊற்றி, விரலால் பிய்த்துக் குழைத்து உண்பதில் இருக்கும் நிறைவை எந்த எண்ணுக்காகவும் நான் விடப் போவதில்லை. ஆண்டில் சில முறை வரும் அந்த இலை என்னை நோயாளியாக்காது. நாள்தோறும் பேருந்துக்குக் காத்திருக்கையில் நினைவே இல்லாமல் உள்ளே போனதுதான் ஆக்கியிருக்கும். மற்ற நாட்களில் உறவினர் வீட்டில் பலகாரத் தட்டை நீட்டும்போது, போதும் என்றால் கூச்சம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டு வைப்பார்கள். மறுப்பதைவிட வேறொன்றைக் கேட்பதுதான் எங்கள் ஊரில் செல்லும் வழி. "மாமி, ஒரு கிளாஸ் மோர் தாருங்க, இஞ்சியும் பச்சமிளகும் சதச்சுப் போட்டு" என்றால், எதையாவது தந்தாக வேண்டும் என்ற அவர்களுடைய ஆவலும் நிறைவேறுகிறது. அடுக்களைக்குப் போய் மோர் கலக்கும் மாமியின் முகத்தில் மனத்தாங்கல் இருப்பதில்லை.

பக்கத்து வீட்டு மாமிக்கு ஆறு மாதத்துக்கு முன் நீரிழிவு என்று தெரிந்தது. மருத்துவமனையில் கொடுத்த தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். தின்னக் கூடாதவற்றின் பட்டியல் ஒரு பக்கம் முழுவதும் இருந்தது. "எல்லாத்தையும் விட்டாச்சு பிள்ளே, பிஸ்கட்டை மட்டும் விட முடியல" என்றார். நான் பிஸ்கட்டைப் பற்றிக் கேட்கவில்லை, எந்த நேரத்தில் தின்கிறீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மூணு மணிக்கு. பாத்திரம் கழுவி முடிச்சா பிறகு ஒரு சத்தமும் இருக்காது. அந்நேரம் சாயா போட்டு டின்னைத் திறந்தா, ஒரு பாக்கெட் தீர்ந்துபோவும்" என்றார். மாமா இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன. மகன்கள் இருவரும் வளைகுடாவில். இவ்வளவு நேரம் நான் எண்ணெய் மணம், சர்க்கரை இறக்கம் என்று பேசிக்கொண்டிருந்த எதுவும் இந்தப் பதிலுக்குப் போதாது என்று அப்போது தோன்றியது.

மூத்த மகனிடம் நானே பேசினேன். இரவில் அறைக்குத் திரும்பிய பிறகு அம்மாவை அழைப்பது அவர் வழக்கம், அதற்குள் மாமி பெரும்பாலும் உறங்கப் போயிருப்பார். இங்கே மூன்று மணி என்றால் மஸ்கட்டில் ஒன்றரை, அது அவருக்குச் சாப்பாட்டு இடைவேளை. இப்போது அந்த நேரத்தில் அழைக்கிறார். கையில் சாப்பாட்டோடு அவர் அங்கே, சாயாவோடு மாமி இங்கே, பத்துப் பதினைந்து நிமிடம் பேசுகிறார்கள். அழைப்பு வரும் நாளில் டின்னைத் திறக்கத் தோன்றுவதில்லை என்கிறார் மாமி. வேலை நெருக்கடியில் அவர் அழைக்க முடியாமல் போகும் நாட்களில் திறந்துவிடுகிறார், அதையும் என்னிடம் மறைப்பதில்லை. அந்த நாட்களுக்கு என்ன செய்வது என்று இன்னும் எங்களுக்குத் தெரியவில்லை. இளைய மகனுக்கு வேலை நேரம் மாறிமாறி வருகிறது, அவரிடமும் கேட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறோம். அடுத்த மாதம் இரத்தப் பரிசோதனைக்கு மாமியும் நானும் சேர்ந்தே மார்த்தாண்டத்துக்குப் போகிறோம்.